மாதாவின் பட்டு காணாமல் போன வாரம்

சுவிசேஷமுத்துப் புலவரைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பினாங்கிலும் காரைக்காலிலும் அவருடைய கீர்த்தனை பாடாத கோயில் இல்லை என்பார்கள். அது உண்மைதான். அவர் கப்பலில் வந்து இறங்கினால் துறைமுகத்தில் மாலையோடு ஆள் நிற்கும் என்பார்கள். அதுவும் உண்மை. அதோடு விட்டால் பரவாயில்லை. எது தொலைந்தாலும் புலவர் கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல் வரும்.

கண்டுபிடித்திருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. திருநாள் குடை தொலைந்தபோது கண்டுபிடித்தார். பாடகர் குழுவைப் பற்றி மொட்டைக் கடிதாசி போட்டவனைக் கண்டுபிடித்தார். பாட்டு வராத நாட்களில் அவருக்கு இந்தத் துப்புத் துலக்கும் பைத்தியம் பிடித்துவிடும். கறுப்புக் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "அற்புதம், இது சாதாரண விஷயம் இல்ல" என்று என்னிடம் வந்து நிற்பார். அற்புதம் என்பது என் பெயர். நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் மாதா கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைத் துணிகளை எடுத்து வைப்பது, ஆள் கிடைக்காவிட்டால் குழி வெட்டுவது எல்லாம் என் வேலை. அதனால் எது தொலைந்தாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வரும்.

1908 செப்டம்பரில் தொலைந்தது மாதாவின் பட்டு.

எட்டாம் தேதி மாதா பிறந்தநாள் திருநாள். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நேர்ந்துகொண்டு மாதாவுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார்கள். சபைப் பெண்கள் அதை மாதாவுக்குக் கட்டி, சப்பரத்தில் வைத்து ஊர்வலம் எடுப்போம். திருநாள் முடிந்தபின் சேலையைக் கொடுத்தவர்களே வாங்கிக்கொண்டு போய், வீட்டில் கல்யாணம் ஆகும் பெண்ணுக்கு உடுத்துவார்கள். அந்த வருஷம் கன்டிராக்டர் ஞானாதிக்கம் பிள்ளை புதுச்சேரியிலிருந்து இளநீலப் பட்டு வரவழைத்திருந்தார். அடுத்த புதன்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் சேலையைக் கேட்டு வந்தார். பக்கவாட்டு வாசலருகே சப்பரத்திலேயே இருந்த மாதா, போன வருஷத்துப் பருத்திச் சேலையில் நின்றாள். சபைப் பெண்கள் தாங்கள் மாற்றவில்லை என்றார்கள். பருத்திச் சேலையை நான் வெள்ளிக்கிழமையே பார்த்தேன்; அவர்கள்தான் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். உன்னிப்பாகப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலையில் என் மனைவி பிரிஜட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு. பிறக்கும்போதே உயிர் இல்லை.

சாமியாரிடம் ஓடினேன். நல்ல மனுஷர். பிரான்சுக்காரர் என்றாலும் நம்மைப்போல் அழத் தெரிந்தவர். அழுதுகொண்டேதான் சொன்னார், ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் இல்லை, செபம் இல்லை, மணியும் இல்லை என்று. ஊரில் யார் செத்தாலும் நான் மணி அடிக்கிறேன். என் பிள்ளைக்கு அடிக்கக்கூடாது. சவப்பெட்டி தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்பிய சாயங்காலம் பிரிஜட் ஒரு வெள்ளைத் துணி மூட்டையை என் கையில் கொடுத்தாள். நன்றாகச் சுற்றி முடிந்திருந்தாள். பிரித்து ஒரு தடவை முகம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மழையில் குடைக்குள் அணைத்துக்கொண்டு, மேட்டுக் கல்லறைத் தோட்டம் வரை நடந்து, வேலிக்கு வெளியே லாலான் புல் மண்டிய சரிவில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு மூன்று நாளும் மழை. நானும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயில் துணிகளைச் சலவைக்கு எடுத்துப் போனவள் மங்களம். அவளும் புருஷன் துரைசாமியும்தான் எங்கள் கோயிலுக்கும் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கும் துணி வெளுத்தார்கள். வேறு யார் மேல் சந்தேகம் வரும்?

"மூட்டையில பீட விரிப்பு ஆறு, சாமி அங்கி ரெண்டு. அவ்வளவுதான் இருந்துச்சு. பட்டை நாங்க தொடுறதே இல்லைங்க, அது எங்க கல்லுக்கு ஆகாது" என்றாள் மங்களம்.

ஞானாதிக்கம் பிள்ளை காதில் வாங்கவில்லை. அவருடைய ஆட்கள் கால்வாய் ஓரத்தில் இருந்த அவர்களுடைய குடிசைக்குள் புகுந்து, வெளுத்து அடுக்கியிருந்த ஊரார் துணியையெல்லாம் சேற்றில் இழுத்துப் போட்டார்கள். பட்டு இல்லை. புருஷன் பெண்டாட்டி இருவரையும் கோயிலுக்கு இழுத்து வந்தார்கள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள சேலை வந்தாகணும். இல்லேன்னா ரெண்டு பேரையும் மாத்தா மாத்தா கையில புடிச்சுக் கொடுத்துருவேன்" என்றார். போலீஸ்காரர்களை இங்கே மலாயில் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்போதுதான் புலவர் குடையோடு வந்தார்.

மாதாவை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து மடிப்புகளைப் பார்த்தார். "திருடினவன் மாதாவை அப்படியே விட்டுட்டுப் போகல பாருங்க. பழைய சேலையைக் கட்டிவிட்டுட்டுத்தான் போயிருக்கான். கொசுவம் எவ்வளவு சீரா இருக்கு. அப்ப இது பெண்பிள்ளை. மாதாமேல பக்தி உள்ள பெண்பிள்ளை" என்றார். அதுவரை சரி. பிறகு சப்பரத்து வெள்ளை விரிப்பைத் தூக்கி மூக்குக்கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். ஓரத்தில் நான்கு விரல் பதிந்த மஞ்சள் கறை இருந்தது. முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நல்ல எதுகை கிடைத்தபோது வரும் சந்தோஷம் வந்தது.

"மஞ்சள். அரைச்ச மஞ்சள். கையில மஞ்சளோட வந்த பெண்பிள்ளைதான் எடுத்திருக்கா" என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

எங்கள் பெண்கள் மஞ்சள் பூசுவதில்லை. மஞ்சளும் பொட்டும் கூடாது என்று சாமியார் வருஷாவருஷம் பிரசங்கம் செய்து நிறுத்தி வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் மஞ்சள் பூசிய முகம் ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் மங்களத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் என்ன செய்துவிட்டோம் என்று புலவருக்கு அப்போதுதான் உறைத்தது. விரிப்பை அவசரமாக மடித்தார். ஞானாதிக்கம் பிள்ளை அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை பொழுது விடிந்ததும் வீடு வீடாக ஆள் போய்த் தங்கள் துணிகளை மங்களத்திடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஈரத் துணியைக்கூடப் பிழிந்து எடுத்துப் போனார்கள். புலவர் என்னை இழுத்துக்கொண்டு அவள் குடிசைக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த விரிப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மங்களம் அவரை ஏசவில்லை. விரிப்பை வாங்கிக் கறையைப் பார்த்தாள். கல்லில் கிடந்த சவுக்காரத் துண்டை நனைத்துக் கறையின் ஒரு ஓரத்தில் தேய்த்தாள். மஞ்சள் அந்த இடத்தில் மட்டும் ரத்தமாகச் சிவந்தது.

"மஞ்சள்ல சவுக்காரம் பட்டா இப்படித்தாங்க ஆகும். என் கையைப் பாருங்க, இருபது வருசமா சோடாவும் சவுக்காரமும் ஊறிக் கெடக்கு. நான் குளிக்கிறப்ப மூஞ்சியில பூசுறதோட சரி. விரல்ல மஞ்சளை வச்சிக்கிட்டு வெள்ளைத் துணி தொட்டா எங்க பொழப்பு என்னாகுறது?"

அவள் கைகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. நகக்கண்ணில் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் இருந்தது. மஞ்சள் பொட்டுக்கூட இல்லை. புலவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து நேராகக் கன்டிராக்டர் வீட்டுக்குப் போய்ச் சவுக்காரக் கதையைச் சொன்னார். "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. பாட்டை வேணும்னா மாத்தி எழுதுங்க புலவரே, இது கல்யாணக் காரியம்" என்று அவர் அனுப்பிவிட்டார்.

மத்தியானம் புலவர் என் வீட்டுக்கு வந்தார். கோயில் வளாகத்திலேயே ஓர் ஓட்டு அறைதான் என் வீடு. கோயிலுக்குள் வந்துபோன பெண்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கழித்துக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர் தேறினார்கள். பிரிஜட் பெயர் அவர் வாயிலும் வரவில்லை, என் மனசிலும் வரவில்லை. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கோயில் படி மிதிக்கமாட்டாள். அது எங்களுக்கு எழுதாத சட்டம். சிலுவையில் அடித்தாலும் எங்கள் பெண்கள் அதை மீறமாட்டார்கள்.

பிரிஜட் உள்ளே இருந்து காப்பி கொண்டுவந்து நீட்டினாள். புலவர் வாங்கவில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மருத்துவச்சி தினமும் அவளுக்கு எண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பூசிக்கொண்டிருந்தாள். பிரசவ உடம்புக்கு அது மருந்து. அதைப் பற்றிச் சாமியாருக்கும் தெரியாது, நாங்களும் சொன்னதில்லை. நான்கு நாளாக அந்தக் கையால்தான் சாப்பிடுகிறேன்.

அவளாகத்தான் சொன்னாள்.

"நீங்க பெட்டி தேடிப் போயிருந்தீங்க. கோயில்ல யாரும் இல்ல. இருட்டுல தனியாக் கெடக்கப்போற பிள்ளை, மோட்சத்துக்கும் விடமாட்டாங்களாம். அவ சேலையைச் சுத்தியிருந்தா மாதாவுக்கு அடையாளம் தெரியும்ல. தன் சேலைன்னு பாத்தாவது தூக்கிக்குவா."

அந்த மூட்டையை நான் கையில் ஏந்தி, கன்டிராக்டர் வீட்டு வாசல் வழியாகத்தான் நடந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அலமாரி அலமாரியாக நான் தேடிய பட்டை நானே புதைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் மேல் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. அவள் பச்சை உடம்போடு அந்தப் படியேறியதை நினைத்தபோது அழுகைதான் வந்தது.

"மங்களத்தைப் பிடிச்சிக்கிட்டாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல" என்றாள் பிரிஜட். சொல்லவில்லைதான். பிரசவ வீட்டில் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்று நான்தான் மறைத்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால் குழியைத் தோண்டுவார்கள். சொல்லாவிட்டால் மங்களம் ஜெயிலுக்குப் போவாள். எத்தனை தரம் யோசித்தாலும் இந்த இரண்டில்தான் வந்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடத்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் புலவர் எங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். சாமியாரும் ஞானாதிக்கம் பிள்ளையும் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், "பட்டை எடுத்தது நான்தான்" என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"நீங்களா? எதுக்கு?" என்றார் கன்டிராக்டர்.

நின்ற இடத்தில் நூறு வெண்பா பாடுகிற மனுஷருக்கு ஒரு பொய் வரவில்லை. "ஒரு சபலம்" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "கொண்டுபோய்... கடல்ல போட்டுட்டேன்."

கன்டிராக்டர் சிரித்துவிட்டார். "துணி வெளுக்கிறவ மேல பரிதாபம் வந்துருச்சு உங்களுக்கு. பெரிய மனசு. போய் உட்காருங்க" என்றார். சாமியாரும் அவர் தோளைத் தட்டினார். பேரும் புகழும் இருந்து என்ன பிரயோசனம்? தன்னைத் திருடன் என்று ஒருத்தனை நம்பவைக்க அவரால் முடியவில்லை.

அப்போது எனக்குப் பின்னால் பிரிஜட் வந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். நான் கையை நீட்டித் தடுத்தேன். என் கையை மெதுவாக விலக்கிவிட்டு உள்ளே போனாள். பிள்ளை பெற்று ஐந்து நாளே ஆன பச்சை உடம்புக்காரியைப் பார்த்ததுமே சாமியார் எழுந்துவிட்டார். எங்களிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மங்களத்துக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

ஞானாதிக்கம் பிள்ளையை ஈரமில்லாதவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் சிறு வயதில் போன பிள்ளைகள் உண்டு. சாமியாரைப் பார்த்துச் சொன்னார்: "எம்மகளுக்கு அது இனி வேணாம். ஆனா மாதா கட்டின சேலை வேலிக்கு வெளியில மண்ணுல கெடக்கலாமா? குடும்பத்துக்கு ஆகுமா? சாமிதான் சொல்லணும்."

சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு, மந்திரித்த பொருளை அங்கே விடமுடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மன்னித்துக்கொள்" என்றார். மங்களத்துக்கு ஆள் போய், இனி பயமில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். சேற்றில் மிதித்த துணிகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. துணி கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளில் பாதி திரும்ப வரவும் இல்லை.

மத்தியானம் கன்டிராக்டர், சங்கோல் மண்வெட்டியோடு அவருடைய இரண்டு கூலியாட்கள், புலவர், நான் எல்லோரும் மேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வேலியைத் தாண்டிச் சரிவில் இறங்கினோம். மழை மண்ணை அடித்துக்கொண்டு போயிருந்தது. புல் படுத்துக் கிடந்தது. அங்கே என் பிள்ளையைப்போல் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் கிடந்தன. ஒன்றுக்கும் சிலுவை இல்லை, கல் இல்லை, வைக்கவும் கூடாது. நான் ஓர் இடத்தைக் காட்டினேன். இடுப்பளவு தோண்டினார்கள். செம்மண்தான். இன்னொரு இடத்தைக் காட்டினேன். அங்கேயும் ஒன்றுமில்லை. மூன்றாவது இடத்தில் மண்வெட்டியை ஓங்கும்போது புலவர் தடுத்தார், "வேற யார் பிள்ளையாவது இருக்கப்போகுது" என்று.

"அப்ப நீங்க கண்டுபிடிங்க. அதுக்குத்தானே பேர் வாங்கியிருக்கீங்க" என்றார் கன்டிராக்டர்.

புலவர் குடையை ஊன்றிக்கொண்டு சரிவு முழுக்க நடந்தார். அங்கங்கே குனிந்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், புல்லின் வேரைத் தொட்டுப் பார்த்தார். கூலியாட்கள் இரண்டு சுருட்டு குடித்து முடிக்கும் நேரம் ஆனது. திரும்பி வந்து, "எனக்குத் தெரியல" என்றார்.

கன்டிராக்டர் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்த மனுஷர் காலில் விழவேண்டும்போல் இருந்தது. எல்லோர் முன்னாலும் தன் பேரைக் கெடுத்துக்கொண்டு என் பிள்ளைமேல் அந்தப் பட்டை அப்படியே விட்டுவைத்தாரே என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அவர்மேல் பட்ட எரிச்சலுக்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

திரும்பி நடக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டேன். "ஐயா, இப்ப என்கிட்ட மட்டும் சொல்லுங்க. எந்த இடம்?"

அவர் நின்றுவிட்டார். "என்ன கேக்கிற அற்புதம்? நீ வேணும்னே தப்பான இடமாக் காட்டுறேன்னுல்ல நான் நினைச்சேன். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதான் மூணாவது இடத்தைத் தோண்டவிடல."

"நான் வேணும்னு காட்டல ஐயா. அந்த ரெண்டு இடமும் எனக்கு நிஜமாவே சரியான இடமாத்தான் தெரிஞ்சுது."

"நானும் நிஜமாத்தான் தேடினேன். தெரிஞ்சுக்கிட்டுத் தெரியலன்னு சொல்லலாம்னுதான் தேடினேன்" என்றார். இரண்டு பேரும் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தோம். எல்லா இடமும் ஒரே புல்லாக இருந்தது. அன்றைக்கு மழையில் நான் தலை குனிந்து வந்தேன், தலை குனிந்தே போனேன். எத்தனை அடி, எந்தப் பக்கம், எதையும் நான் பார்த்து வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பிரிஜட் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். "எடுத்துட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. கிடைக்கல."

ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. எழுந்து எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உடம்பு தேறினதும் என்னை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போங்க. எந்த இடம்னு எனக்கு மட்டும் காட்டுங்க, போதும்."

"சரி" என்றேன்.